ஹியூமரஸ் நடுத்தண்டு முறிவு: முன்பக்க மிப்போவில் ரேடியல் நரம்பு

மூன்றாமாண்டு_ஆர்த்தோ:
வயது 35. மேற்கை எலும்பு (ஹியூமரஸ்) நடுத்தண்டில் பல துண்டாக நொறுங்கியிருக்கிறது. தோல் கிழியவில்லை, ரேடியல் நரம்பு (மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் நரம்பு) வேலை செய்கிறது. முன்பக்கமாக இரண்டு சிறு கீறல் போட்டு, தசைக்கு அடியில் 4.5 மி.மீ. நேரோ எல்சிபி (ஸ்க்ரூ பூட்டும் குறுகிய பிளேட்) நுழைப்பது, அதாவது மிப்போ செய்வது, என்று முடிவாகியிருக்கிறது. நரம்பைக் கண்ணால் பார்க்காமலே பிளேட்டைத் தள்ளுகிறோமே, அதுதான் உறுத்துகிறது. கீழ்க் கீறலில் அதைத் தேடிப் பிடித்து ஒதுக்க வேண்டுமா? சுழற்சி சரியாக இருப்பதை சி-ஆர்மில் (அறுவை அறை எக்ஸ்ரே கருவி) எப்படி உறுதி செய்வது?

டிராமா_கன்சல்டன்ட்:
தேட வேண்டாம். தேடப் போனால் கீறல் நீளும், நரம்பும் இழுபடும். அதற்குப் பதில் இந்த முறையில் நரம்பைக் காப்பது பிரேக்கியாலிஸ் தசையின் (பைசெப்ஸுக்கு அடியில் எலும்பை ஒட்டிய தசை) வெளிப்பாதிதான்.

நோயாளி மல்லாந்து, கை 60 முதல் 90 டிகிரி விலகி, முழங்கை மடங்கி இருக்கட்டும். முன்கை முழு சுப்பினேஷனில் (உள்ளங்கை மேல்நோக்கி) இருப்பது முக்கியம். ப்ரோனேஷனுக்கு (உள்ளங்கை கீழ்நோக்கி) திரும்பினால் ரேடியல் நரம்பு உள்பக்கமாக, பிளேட்டை நோக்கி நகரும். உதவியாளர் களைத்துக் கையைத் திருப்பிவிடுவது அடிக்கடி நடக்கும், கவனியுங்கள்.

மேல் கீறல் டெல்டாய்டுக்கும் (தோள் தசை) பைசெப்ஸுக்கும் (மேற்கை முன்தசை) நடுவே, 3–4 செ.மீ. கீழ்க் கீறல் முழங்கை மடிப்புக்கு 5 செ.மீ. மேலே தொடங்கி, பைசெப்ஸின் வெளி ஓரத்தில். பைசெப்ஸை உள்பக்கம் ஒதுக்கினால் பிரேக்கியாலிஸ் மேல் மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு கிடக்கும். அதைப் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் இது பிளேட்டுக்கு அடியில் சிக்கிவிடலாம். பிறகு பிரேக்கியாலிஸை நடுவில் நீளவாக்கில் பிளந்து எலும்பைத் தொடுங்கள். வெளிப்பாதிக்குப் பின்னால் ஹோமன் (கூர்முனை ரிட்ராக்டர், தசையை ஒதுக்கும் கருவி) போடவே கூடாது. அதன் முனை எலும்பைச் சுற்றிப் போய் ரேடியல் நரம்பை நசுக்கும். லாங்கன்பெக் (மழுங்கிய ரிட்ராக்டர்) போதும்.

டன்னலரை (தசைக்கு அடியில் பிளேட்டுக்கு வழி செய்யும் கருவி) மேலிருந்து கீழே, எலும்பை உரசியபடி தள்ளுங்கள். கீழ்க் கீறலில் ஒரு விரலை எலும்பின் மேல் வைத்து அதன் நுனியை வாங்கிக்கொள்ளுங்கள். நடுத்தண்டு துளைகளில் தோல் வழியாக ஸ்க்ரூ வேண்டாம். அங்கே நரம்பு எலும்புக்கு நேர் பின்னால் ஓடுகிறது, முன்னிருந்து போகும் டிரில் மறுபக்கம் வெளியே வந்ததும் அதில்தான் இறங்கும்.

பிளேட்_ஸ்க்ரூ:
சுழற்சிக்கு: துணி போர்த்துவதற்கு முன் நல்ல கையின் முழங்கை சரியான ஏ.பி.யில் (நேர் முன்-பின் எக்ஸ்ரே) இருக்கும்படி வைத்து, அப்படியே தோள் படம் எடுத்துச் சேமியுங்கள். பிறகு பிளேட்டைக் கீழே ஒரு கார்டெக்ஸ் ஸ்க்ரூவால் (பிளேட்டோடு பூட்டாத சாதாரண ஸ்க்ரூ) பிடித்து, கையை இழுத்து நீளத்தை மீட்டு, மேலே ஒன்று போடுங்கள். முழங்கையை அதே ஏ.பி. நிலையில் வைத்துத் தோளைப் பாருங்கள். எலும்பின் தலையும் பெரிய டியூபராசிட்டியும் (தலைக்கு வெளிப்பக்கப் புடைப்பு) சேமித்த படத்தைப் போல இல்லையென்றால் மேல் ஸ்க்ரூவைக் கழற்றித் திருத்துங்கள். லாக்கிங் ஸ்க்ரூ (பிளேட்டோடு பூட்டும் ஸ்க்ரூ) போட்ட பிறகு திருத்த முடியாது. உள்வளைவு தெரிந்தால் கையை இன்னும் விலக்கினால் பெரும்பாலும் சரியாகும். இரு பக்கமும் மும்மூன்று ஸ்க்ரூ, 10 அல்லது 12 துளை பிளேட், நடுத் துளைகள் காலி. கீழ் முனை கொரோனாய்டு குழிக்குள் (முழங்கைக்குச் சற்று மேலே முன்பக்கப் பள்ளம்) இறங்கக் கூடாது, இறங்கினால் முழங்கை முழுதாக மடங்காது.

மூன்றாமாண்டு_ஆர்த்தோ:
நன்றி சார். குறுக்கு முறிவாக இருந்தாலும் இதே முறைதானா?

டிராமா_கன்சல்டன்ட்:
அதற்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். நொறுங்கிய முறிவில் அசைவு பல இடைவெளிகளுக்குப் பங்காகிறது, காலஸ் (முறிவை இணைக்கும் புது எலும்பு) உருவாகும். குறுக்கு முறிவில் முழு அசைவும் ஒரே கோட்டில் விழும். இடைவெளி விட்டுப் பாலம் போட்டால் சேராமல் போகும். திறந்து அழுத்திப் பொருத்துங்கள். அதேபோல், அறுவைக்கு முன்பே மணிக்கட்டு தொங்கினாலும் மிப்போவை விட நரம்பைத் திறந்து பார்க்கும் வழியே எனக்குச் சரி.

மயக்கவியல்_தோழி:
நீண்ட நேரம் வேலை செய்யும் நரம்பு பிளாக்கை (கையை மரக்கவைக்கும் ஊசி) அறுவைக்கு முன் கேட்காதீர்கள். எழுந்ததும் மணிக்கட்டு தொங்கினால், அது மருந்தா காயமா என்று மறுநாள் வரை தெரியாது. பொது மயக்கம் கொடுத்து, விழித்ததும் சோதித்துவிட்டு, வலிக்குப் பிளாக் போடலாம். சோதிக்கும்போது விரல் நுனி மூட்டுகள் நீள்வதைப் பார்த்து நிம்மதி வேண்டாம், அவற்றை உள்ளங்கைச் சிறுதசைகளும் நீட்டும். மணிக்கட்டு, கட்டைவிரல், விரல் அடி மூட்டு, இந்த மூன்றும் நிமிர்கிறதா என்று பார்த்துக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுங்கள்.