நாஞ்சிங்கில் பார்க்கும் பறவைகளை எப்படி இனங்காண்பது?

முத்தையன்கட்டுக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முத்தையன்கட்டு என் ஊர். மேற்படிப்புக்காகச் சீனாவின் நாஞ்சிங் நகரத்துக்கு வந்திருக்கிறேன். ஊரில் குளக்கட்டில் நின்றால், கத்துவது ஆட்காட்டியா, தாழைக்கோழியா, மீன்கொத்தியா என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். யாரும் இருத்திவைத்துச் சொல்லித்தந்ததல்ல. அம்மப்பாவோடு மாடு சாய்க்கப் போய்ப் பழகியது. இங்கே காலையில் யன்னலைத் திறந்தால் கேட்கிற குரல்களில் ஒன்றைக்கூட எனக்குத் தெரியவில்லை. அது மனதை அரிக்கிறது.

விடுதி வளாகத்தில் நாள்தோறும் பார்க்கும் மூன்றை முதலில் கேட்கிறேன். ஒன்று புல்தரையில் திரிவது. உடம்பு முழுவதும் கறுப்பு, அலகு மட்டும் நல்ல மஞ்சள், கண்ணைச் சுற்றியும் மெல்லிய மஞ்சள் வளையம். மைனாவைவிடச் சற்றுப் பெரியது. நாலு எட்டு ஓடும், நிற்கும், தலையைச் சரித்து நிலத்தைப் பார்க்கும், பிறகு மண்புழுவை இழுத்தெடுக்கும். அடுத்தது கற்பூர மரங்களுக்குப் பழம் தின்ன வருவது. சாம்பலும் இளம்பச்சையும் கலந்த உடம்பு, பின்தலையில் வெள்ளைத் திட்டு. மூன்றாவதற்கு நீண்ட வால். தலையில் கறுப்புத் தொப்பி, சிறகும் வாலும் வெளிர்நீலம். கூட்டமாகக் கரகரவென்று கத்தியபடி மரத்துக்கு மரம் தாவும்.

இங்கே வாங்கிய படப்புத்தகம் முழுவதும் சீனமொழியில் இருக்கிறது. சரியான பக்கத்தைப் புரட்டுவதற்குள் பறவை போய்விடுகிறது. எங்கிருந்து தொடங்க வேண்டும்? தொலைநோக்கி கட்டாயம் வாங்க வேண்டுமா?

கனகராயன் எழுதியது:

தங்கச்சி, நான் அதே நகரத்தில் படித்துவிட்டு இப்போது கிளிநொச்சியில் இருக்கிறேன். நீங்கள் எழுதிய விதத்திலேயே விடை இருக்கிறது. "நாலு எட்டு ஓடும், நிற்கும், தலையைச் சரிக்கும்" என்றீர்களே, அந்த நடை பூங்குருவிக் குடும்பத்துக்கு உரியது. உங்களுடையது சீனக் கரும்பூங்குருவி. சீனத்தில் வூதுங், அறிவியற்பெயர் டர்டஸ் மாண்டரினஸ். பெண் பறவை இத்தனை கறுப்பாக இராது, கபிலம் கலந்திருக்கும். மாசி, பங்குனியில் விடிவதற்கு முன்பே கூரை உச்சியில் இருந்து பாடத் தொடங்கும். மற்றப் பறவைகளின் குரலையும் இடையிடையே எடுத்துப் பாடும். அந்தப் பாட்டுக்காகவே நான் அந்த நகரத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது நமது கொண்டைக்குருவியின் சொந்தம். இரண்டும் பிக்னோனோட்டஸ் என்ற ஒரே பேரினம். நம்முடையதற்கு வாலடியில் சிவப்பு. அதற்கு அந்த இடம் வெள்ளை. கிளையில் இருக்கும் தோரணையையும் பழத்துக்காகச் சண்டை பிடிப்பதையும் பாருங்கள், வித்தியாசமே தெரியாது. சீனப் பெயர் பைதோவ்பெய். இளம் பறவைகளுக்குப் பின்தலை வெள்ளை இராது. ஆடி மாதத்தில் சாம்பல் தலையோடு ஒன்று வந்தால் புதிய இனம் என்று புத்தகத்தைப் புரட்டாதீர்கள்.

மூன்றாவது நீலச்சிறகு வால்காக்கை, ஹுய்ஷீச்சுவே. காகக் குடும்பம்தான், ஆனால் வாழும் முறையில் புலுனி. எப்போதும் கூட்டம், எப்போதும் சத்தம். புலுனியைப் போலவே, பெற்றோரல்லாத பறவைகளும் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்து கொடுப்பதுண்டு.

இப்போது உங்கள் பெரிய கேள்வி. சீனாவில் 1,400க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இருக்கின்றன. புத்தகத்தின் முதற்பக்கத்திலிருந்து தொடங்கினால் கரை சேர முடியாது. வளாகத்துக்கு வெளியே போகாமல், தினமும் கண்ணில் படுகிறவற்றை மட்டும் முதலில் பிடியுங்கள். பறவை நிற்கும்போது புத்தகத்தைத் தொடவே வேண்டாம். குருவி அளவா, மைனா அளவா, காக அளவா? அலகு தடிப்பா, ஊசியா, நுனி வளைந்ததா? நடக்கிறதா, தத்துகிறதா? வாலை ஆட்டுகிறதா? இவற்றைத் தமிழிலேயே கொப்பியில் எழுதிவிட்டுப் பிறகு தேடுங்கள். நிறத்தைக் கடைசியில் வையுங்கள். காலை வெயிலுக்கு எதிரே நிற்கும் எந்தப் பறவையும் கறுப்புத்தான். நிறத்தை மட்டும் நம்பித் தொடங்குகிறவர்கள் சலித்துப்போய் விட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

சிட்டுக்குருவியையும் விட்டுவிடாதீர்கள். நம் ஊரில் ஆண் வேறு, பெண் வேறு தோற்றம். அங்கே இருப்பது மரச்சிட்டு: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கபிலத் தொப்பி, வெள்ளைக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. 1958இல் சீன அரசு எலி, ஈ, நுளம்பு, குருவி என்ற நான்கு தீங்குகளை ஒழிக்கும் இயக்கம் என்று சொல்லிக் கொன்று குவித்தது இந்தக் குருவியைத்தான். 1960இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். இன்று விடுதிச் சாப்பாட்டுக்கூட வாசலில் அது சோறு பொறுக்குவதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷமாக இருக்கும்.

தொலைநோக்கி வாங்குங்கள். 8x42 போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். பத்து மடங்குக்கு ஆசைப்படாதீர்கள், கை நடுங்கினால் படமும் நடுங்கும். பறவைகளை இனங்காண உதவும், கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலியில் அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுதியை ஒருமுறை இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். கூகுள் சேவைகள் அங்கே இயங்காது என்பதால் விடுமுறைக்கு ஊர் வரும்போது இறக்கிக்கொள்வது நல்லது. சீனப் பெயர் கிடைத்தால் அதோடு இலத்தீன் பெயரையும் கொப்பியில் குறியுங்கள். எந்த நாட்டுப் புத்தகத்திலும் அது மாறாது.

இன்னொன்று. ஏரிக்கரையில் பீரங்கி மாதிரிக் கமராக்களோடு முதியவர்கள் நிற்பார்கள். பக்கத்தில் போய் நில்லுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கமராவின் திரையைக் காட்டுவார்கள், கைத்தொலைபேசியில் பெயரை எழுதியும் தருவார்கள். எனக்குப் பாதிப் பறவைகளை அறிமுகப்படுத்தியவர்கள் அவர்கள்தான்.

நெடுங்கேணியான் எழுதியது:

இத்தனை பாடு எதற்கு அண்ணா? படம் எடுத்து, சீனாவில் எல்லோரும் பாவிக்கும் வீசாட் செயலிக்குள் இருக்கும் பறவை அறியும் செயலியில் போட்டால் நொடியில் பெயர் வந்துவிடுகிறது. படிக்கிற பிள்ளைக்கு நேரமும் மிச்சம்.

கனகராயன் எழுதியது:

தம்பி, படம் கிடைத்தால் நானும் போட்டுப் பார்ப்பேன், தவறில்லை. ஆனால் நாணற்புதருக்குள் பெருவிரல் பருமனில் கபிலக் குருவிகள் கூட்டமாகக் கீச்சிட்டுக்கொண்டு போகும். குட்டை அலகு, நீண்ட வால். ஒன்று வெளியே தலைகாட்டும்போது மற்றவை அடுத்த புதருக்குப் போய்விடும். கைத்தொலைபேசியில் அதைப் பிடிக்கவே முடியாது. பருத்த அலகும் கூட்டமாக நகரும் விதமும் தெரிந்தவருக்குப் படமே தேவையில்லை; அது கிளியலகுச் சிட்டு. தங்கச்சி கேட்டது பெயரை மட்டும் அல்ல, குளக்கட்டில் இருந்த அந்தப் பழக்கத்தை.

பேசாலைக் கரையோரம் எழுதியது:

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். கனகராயன் சொன்னதற்கு மேல் ஒன்றுதான் சேர்க்க இருக்கிறது. கீச்சானைத் தேடிப் பாருங்கள்.

கொக்கி அலகு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வேலிக் கதியாலின் நுனியில் தனியே இருந்து நிலத்தைக் காவல் காக்கும். மன்னாரில் இரண்டு வகையைப் பார்க்கிறோம். நீளவால் கீச்சான் இங்கேயே கூடுகட்டி ஆண்டு முழுவதும் இருப்பது. சாம்பல் தலை, செம்மஞ்சள் விலா, நீண்ட கறுப்பு வால். இலங்கையில் அதை இந்த வடபுறக் கரையோரங்களில்தான் பார்க்கலாம். பழுப்புக் கீச்சான் விருந்தாளி. புரட்டாதி, ஐப்பசியில் வந்து சித்திரையில் போய்விடும். உருவம் சிறியது, வால் செம்பழுப்பு.

அதே இரண்டும் உங்கள் நாஞ்சிங்கிலும் உண்டு, அங்கேயும் நீளவால் ஆண்டு முழுவதும் நிற்கும். பழுப்புக் கீச்சான் மட்டும் மாரியில் இங்கே, வைகாசிக்குப் பிறகு அங்கே. கிழக்குச் சீனாவில் இனப்பெருக்கம் செய்யும் அதன் சாம்பல் உச்சந்தலை வகையும் இலங்கைக்கு வருகிறது. தகைவிலானும் அப்படித்தான். நம் வயல்மேல் மாரியில் பறந்து திரியும், கூடுகட்டுவதைப் பார்க்க முடியாது. அங்கே சித்திரையில் பழைய தெருக்களின் கூரையிறப்பைப் பாருங்கள், சேற்றுக்கூடு இருக்கும்.

ஆனால் எல்லாமே அங்கிருந்து இங்கே வருகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னாரில் உள்ள வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் வாத்துகளும் உள்ளான்களும் பெரும்பாலும் மத்திய ஆசியப் பறப்புவழியில், அதாவது வலசைப் பறவைகள் போய்வரும் பாதையில் வருபவை. அது 2008இல் சரணாலயமானது, 2010இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. நீங்கள் இருப்பது கிழக்காசிய அவுஸ்திரேலிய வழியில். நீங்கள் இருக்கும் ஜியாங்சு மாகாணத்திலேயே யன்செங் கரையோரம் இருக்கிறது. 2019இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. உலகில் சில நூறே எஞ்சியிருக்கும் கரண்டிமூக்கு உள்ளான் வலசையில் இறங்கும் சேற்றுநிலம் அது. படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது போய்வாருங்கள்.

முத்தையன்கட்டுக்காரி எழுதியது:

கனகராயன் அண்ணாவுக்கும் ஆசிரியர் ஐயாவுக்கும் மிக்க நன்றி. சுவான்வூ ஏரிக்குக் கொப்பியோடு போனேன். கரையோரக் கம்பத்தில் தனியே ஒரு கீச்சான்! நீண்ட கறுப்பு வால், சாம்பல் தலை. இது மார்கழி, பழுப்புக் கீச்சான் இப்போது நம் ஊரில் இருக்க வேண்டும், ஆகவே இது நீளவால் என்று எழுதினேன். சரிதானே ஐயா?

கூடவே இன்னொன்று. சிட்டுக்குருவி அளவு. செம்மஞ்சள் வயிறு, கறுப்பு முகம், சாம்பல் உச்சந்தலை. தாழ்ந்த கிளையில் இருந்து நிலத்துக்கு இறங்கும், உடனே மேலேறும், வால் ஓயாமல் துடிக்கும். கோடையில் நான் அதைப் பார்க்கவில்லை.

பேசாலைக் கரையோரம் எழுதியது:

முழுக்கச் சரி, பிள்ளை. மாதத்தை வைத்து முடிவுக்கு வந்தீர்களே, அது மிக நல்ல முறை.

கனகராயன் எழுதியது:

வால் துடிப்பும் மாரிகாலமும் போதும் தங்கச்சி. அது டாவூரியச் செவ்வால் குருவி, ஆண். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து இறங்கி வந்திருக்கிறது, பங்குனியளவில் போய்விடும். பெண் பறவை வெறும் பழுப்பாக இருக்கும், ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் மடித்த சிறகில் ஒரு வெள்ளைத் திட்டு உண்டு. அடுத்தமுறை அதே புதருக்குப் போய் அந்தத் திட்டைத் தேடுங்கள். மாரி முழுவதும் ஒரே இடத்தைப் பிடித்து வைத்திருக்கும், பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.