கண்ணிலியா, குருட்டுச் சிலந்தியா?

அடெலோகோசா அனோப்ஸ் என்ற ஹவாய்க் குகைச் சிலந்திக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், எனக்கு வந்த யோசனைகளும் என் பதில்களும் இவை.

> "குருட்டுக் குகைச் சிலந்தி" போதுமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா. என் தயக்கம் வேறு. கண் இருந்தும் பார்வை இல்லாவிட்டால் அதையும் குருடு என்றுதான் சொல்கிறோம். ஹவாயின் கவாயித் தீவில் இருக்கும் இந்த அடெலோகோசா அனோப்ஸுக்குக் கண்ணே கிடையாது. 1973இல் இதை விவரித்த சிலந்தி ஆய்வாளர் கெர்ட்ஷ் 'அனோப்ஸ்' (கண்ணற்றது) என்று வைத்ததும் அதனால்தான். வேறு சில குகைச் சிலந்திகளுக்குக் கண் சிறுத்துப்போய்ப் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். 'குருட்டு' என்பதை அவற்றுக்கு எடுத்து வைப்போம்.

இது பிறந்த குடும்பத்தையும் பாருங்கள். ராத்திரியில் டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்து எங்கள் கொல்லைப் புல்லில் அடித்தால் அங்கங்கே பனித்துளி போல மினுங்கும். கிட்டப் போனால் ஓநாய்ச் சிலந்தி, அதன் கண்தான் மினுங்குகிறது. நம் சிலந்தியும் அந்தக் குடும்பம்தான். எட்டுக் கண், அதில் இரண்டு நன்றாகப் பெரியவை. வலை பின்னி உட்காராமல், பார்த்து ஓடிப் பிடிக்கிற கூட்டம். ஆங்கிலத்தில் நம் சிலந்தியைக் 'கண்ணில்லாத பெருங்கண் ஓநாய்ச் சிலந்தி' என்கிறார்கள். முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

அதனால் 'கண்ணிலி'. இணையத்தில் தினமும் 'பெயரிலி' என்று எழுதுகிறோமே, அதே '-இலி'.

> ஓநாயே இல்லாத தீவில் ஓநாய் எதற்கு? வேட்டைச் சிலந்தி என்போம்.

சிரித்துவிட்டேன். ஆனால் குடும்பப் பெயரை எடுத்துவிட்டால் உறவு தெரியாமல் போய்விடும். குஞ்சுகளைத் தாய் முதுகில் ஏற்றிச் சுமப்பது இந்தக் குடும்பத்து வழக்கம், இதுவும் சுமக்கிறது. முட்டைப்பையை மட்டும் மற்றவை போலப் பின்னால் ஒட்டிக்கொள்ளாமல் வாயில் கவ்விக்கொள்கிறது. முட்டையும் ஒரு ஈட்டுக்கு 15 முதல் 30தான்.

'கவாயி' கட்டாயம் வேண்டும். கோலோவா வட்டாரத்தில் எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த சில குகைகள், அவ்வளவுதான் இதன் உலகம். அங்கே அழுகிய வேரைத் தின்னும் இறால் சாதிச் சிற்றுயிர் ஒன்று இதற்கு இரை. அதற்கும் கண் இல்லை! 2000இல் அமெரிக்க அரசு இரண்டையும் சேர்த்தே அருகிவரும் உயிரினப் பட்டியலில் ஏற்றியது.

சரி, என் முன்மொழிவு: கவாயிக் கண்ணிலி ஓநாய்ச் சிலந்தி. நீளம்தான். கட்டுரையில் இரண்டாம் முறை வரும்போது வெறும் 'கண்ணிலி' என்று சுருக்கிக்கொள்ளலாம். கவாயியா, கவுவாயியா என்பதை ஹவாயி ஒலிப்பு தெரிந்தவர்கள் யாராவது சொன்னால் திருத்திவிடுகிறேன்.