ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குக் குளிர் உடுப்பு: பழக்குவதா, விட்டுப் பிடிப்பதா?

நிலா அம்மா (ஸ்காபரோ, கனடா):
மகனுக்கு ஆறு வயது, ஓட்டிசம் உண்டு. போன குளிர்காலத்தில் ஜக்கெற்றைக் கண்டாலே கத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே ஒளிந்துவிடுவான். இரண்டு பேர் பிடித்துத்தான் போட்டுவிட்டோம். இனி அப்படிச் செய்யமாட்டேன். இந்த முறை செப்ரெம்பரிலேயே அதை வரவேற்பறைக் கதிரையில் போட்டுவைத்தேன். முதல் வாரம் தொட்டுப் பார்த்தான், அவ்வளவுதான். அப்புறம் ஒரு கை மட்டும், பத்து எண்ணும்வரை. இப்போது ஐந்து நிமிடம் போட்டிருக்கிறான். குளிர் தொடங்கமுன் எல்லாரும் பழக்குங்கள்.

வாசன்:
அக்கா, எனக்கு இதில் உடன்பாடில்லை. பழக்குகிறோம் என்று சொல்லி, வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். என் மகளுக்குச் சொக்ஸின் விரல்நுனித் தையல் ஊசி குத்துவதுபோல இருக்கும். மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013இல் வந்தது, இப்படித் தொடுகையோ சத்தமோ கூடுதலாக அல்லது குறைவாக உறைக்கும் புலன் வேறுபாட்டை ஓட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. நான் ஜக்கெற்றைக் கையில் கொண்டுபோவேன். குளிர்ந்தால் அவளே கேட்பாள்.

நிலா அம்மா:
கேட்காத பிள்ளையை என்ன செய்வது தம்பி? என் மகனுக்குக் குளிர்வதே தெரிவதில்லை. கை சிவந்து விறைத்துப்போயிருக்கும், அவன் பனியை அள்ளிக்கொண்டே இருப்பான். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28க்குப் போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். அவன் கேட்கும்வரை என்னால் காத்திருக்க முடியாது.

யாழினி:
பள்ளியில் இந்தப் பிள்ளைகளுக்கு உதவியாளராக இருக்கிறேன். இரண்டு பேரிடமும் ஒன்று கேட்கிறேன்: எந்த இடம் உறுத்துகிறது என்று பார்த்தீர்களா? ஒரு பிள்ளைக்குக் கழுத்து லேபல், இன்னொரு பிள்ளைக்கு ஜக்கெற் துணி உரசும் சத்தம். லேபலை அடியோடு வெட்டுங்கள், பாதி வெட்டினால் மிச்சம் இன்னும் குத்தும். சொக்ஸை உட்புறம் வெளியே வரப் போட்டுப் பாருங்கள். புது உடுப்பை வாசனையில்லாத சோப்பில் நாலைந்து தரம் துவையுங்கள். சால்வைக்குப் பதில் தலைவழியே மாட்டும் கழுத்துறை. விரல் விரலாக நுழைக்கும் கையுறையைவிட, நாலு விரலும் ஒன்றாகப் போகும் மிட்டன் சுலபம்.

வாசன்:
லேபல் விஷயம் சரி. துணிச் சத்தத்தை நான் யோசிக்கவே இல்லை.

ரவி அண்ணா:
காரில் போகும்போது சண்டையே வேண்டாம். குழந்தை இருக்கையின் பட்டிக்குக் கீழே தடித்த ஜக்கெற் இருக்கவே கூடாது. விபத்தில் அது அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பட்டியை இறுக்கிவிட்டு மேலே போர்வையைப் போடுங்கள்.

வாசன்:
அக்கா, பத்து எண்ணி முடியுமுன் அவன் கையை இழுத்தால் விடுவீர்களா?

நிலா அம்மா:
விடுவேன். முதல் நாள் மூன்றிலேயே இழுத்தான், அதோடு நிறுத்திவிட்டேன். அடுத்த நாள் ஐந்துவரை அவனே எண்ணினான்.

வாசன்:
அப்படியென்றால் அதை வற்புறுத்தல் என்று சொல்லமாட்டேன். ஆனால் பள்ளி வாசலில் இருபது பிள்ளைகள் நெருக்கியடித்து உடுப்பு மாட்டும்போது யார் நின்று எண்ணுவார்கள்? என் பயம் அங்கேதான்.

யாழினி:
நியாயமான பயம். பள்ளியில் நான் பார்க்கும் பிள்ளையை மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் முன்பே கூட்டிப்போவேன். முதலில் ஜக்கெற், பிறகு ஊஞ்சல் என்று இரண்டு படம் காட்டுவேன். தொப்பி கடைசியில், கதவடியில்தான். இதை உங்கள் ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள் வாசன், இப்போதே, பனி விழமுன்.