ஏபி அமெரிக்க வரலாறு: டிபிக்யூவில் ஒரே இடத்தில் மதிப்பெண் போகிறது

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு, வரும் மே மாதம் ஏபி (பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) அமெரிக்க வரலாறு எழுதுகிறாள். கொள்குறி வினாக்களில் பிரச்சினை இல்லை. ஆவணங்களை வைத்து எழுதும் டிபிக்யூ கட்டுரையில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். மொத்த மதிப்பெண்ணில் 25 சதவீதம் அதற்கு, விடவும் முடியாது.

7 ஆவணங்கள், 60 நிமிடம். மையக் கருத்தும் பின்னணியும் சரியாக வருகின்றன. ஆவணத்தை எழுதியவரின் நோக்கத்தைத் தன் வாதத்தோடு இணைக்கும் இடத்தில்தான் மதிப்பெண் போகிறது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்துக் கேள்வியில், "இவர் தோட்ட முதலாளி, அதனால் ஒருசார்பானவர்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டாள். 1865-இல் அடிமைமுறை ஒழிந்தபின் விடுதலையானவர்களை மறுபடியும் வயல் வேலையில் கட்டிப்போட அவருக்கிருந்த தேவையைத் தொடவே இல்லை.

தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் பழைய கேள்விகள், மாதிரி விடைகள், யூடியூப் பாடங்கள் எல்லாம் பார்த்தாயிற்று. ஆசிரியரிடம் கேட்டால், "இன்னும் ஆழமாக எழுது" என்கிறார். அது எப்படி என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை, பாவம்.

இந்த ஒரு பகுதியை மட்டும் தனியாகப் பழக, உங்கள் பிள்ளைகளுக்குக் கைகொடுத்த பயிற்சி எது?