அப்பத்தாவின் கையில் இருந்த பச்சையும் அப்பாவின் பெயரும்

கேள்வி (தங்கச்சிமடம்):
விசைப்படகில் முப்பது ஆண்டுகள் கடலுக்குப் போன என் அப்பா சென்ற ஆண்டு காலமானார். நானும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். அவருடைய பெயரை முன்கையில் பச்சை குத்திக்கொள்ள விரும்புகிறேன், "பெயரை மனசுல வச்சுக்கிட்டாப் போதாதா?" என்று அம்மா மறுக்கிறார். ஆனால் என் அப்பத்தாவுக்கு மணிக்கட்டு முதல் முழங்கை வரை பச்சை இருந்தது. புள்ளி வைத்து இழுத்த கோலம், ஒரு தேள், இரண்டுக்கும் நடுவே சிறிய சிலுவை. சிறு வயதில் அந்தத் தேளை விரலால் தடவிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். அவர்கள் எதற்காகக் குத்திக்கொண்டார்கள், இன்று நாம் எதற்காகக் குத்திக்கொள்கிறோம் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (பாம்பன்):
தம்பி, எங்கள் வீட்டிலும் அதே கோலம் உண்டு. பச்சை குத்தும் குறத்தி தெருவுக்கு வந்தால் திண்ணையில் பெண்கள் கூடிவிடுவார்கள் என்று என் ஆச்சி சொல்வார். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, புதுச்சட்டியில் படியும் கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து மை செய்வார்கள். நூலால் சேர்த்துக் கட்டிய நான்கைந்து ஊசிகளால் குத்துவார்கள். வலி தெரியாமலிருக்கப் பாடிக்கொண்டே குத்துவது வழக்கம். அழகுக்காகவும் கண்ணேறு படாமலிருக்கவும் குத்திக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் ஆச்சி சொன்ன காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: "நகையை அடகு வைக்கலாம், செத்தால் கழற்றிக்கொள்வார்கள், பச்சையை யாரும் கழற்ற முடியாது, கூடவே வரும்." பொட்டுத் தங்கமும் நிலைக்காத வீடுகளில் பெண்களுக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பதில் 2 (மூக்கையூர்):
சில ஆண்டுகள் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் என்பதால் கடலோடிகளின் வழக்கத்தைச் சொல்கிறேன். 1769இல் கேப்டன் குக்கின் கப்பல் தாகித்தித் தீவுக்குச் சென்றபோது அங்கு கேட்ட "டாடவ்" என்ற சொல்லே பின்னர் டாட்டூ ஆயிற்று. மேலைநாட்டு மாலுமிகள் ஒரு பாதத்தில் பன்றியும் மறு பாதத்தில் சேவலும் குத்திக்கொண்டார்கள். கப்பல் உடைந்தால் அந்த விலங்குகளை அடைத்த மரக்கூண்டுகள் மிதந்து கரையேறுவதால், தாங்களும் மூழ்கமாட்டோம் என்று நம்பினார்கள்.

நம் கரையில் இன்னொரு காரணம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது, படகு கவிழ்ந்து நான்கு நாள் கழித்து ஒருவரின் உடல் ஒதுங்கியது. முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. முன்கையில் குத்தியிருந்த அவருடைய தாயின் பெயர் மட்டும் அழியாமல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வீட்டார் வாங்கிச் சென்று அடக்கம் செய்தார்கள். அன்று முதல் பச்சை குத்திய கையை நான் வேடிக்கையாகப் பார்த்ததில்லை.

பதில் 3 (இராமநாதபுரம், ஆய்வகப் பணியாளர்):
அது அழியாததற்குக் காரணம் உண்டு. மை மேல்தோலைத் தாண்டி உள்தோலில் இறங்குகிறது; அந்நியப் பொருளை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அதை விழுங்கியும் கரைக்க முடியாமல் அங்கேயே வைத்துக்கொண்டிருக்கின்றன. ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியை மற்றவருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள்காமாலைக் கிருமிகளான ஹெபடைடிஸ் பி, சி தொற்றக்கூடும் என்பதால், உறை பிரிக்காத புது ஊசியைக் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். குத்திய பிறகு ஓராண்டு இரத்த தானம் செய்ய இயலாது. புண் ஆறும் வரை கடல் நீர் படக்கூடாது. ஆகவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உள்ள 61 நாட்களே உங்களுக்கு ஏற்ற காலம்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மூக்கையூர் அண்ணன் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இரவு சோறு போடும்போது, "அப்பா பேரு மட்டும் போதாது, அதுக்குக் கீழே ஊர்ப் பேரையும் சேர்த்துக் குத்து" என்றார்.