கோண்டாவில் வீட்டு ஆக்கள்

பெரியம்மா: பிள்ளையள் சீட்டுக் காசு 4 லட்சம் கைக்கு வந்திட்டுது, ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் பாங்க் ஒண்டில கேட்டனான், ஃபிக்ஸ்டில ஆறு மாசம் போட்டா வருச வட்டி 7.5 வீதமாம். எவ்வளவு வரும் எண்டு ஆராவது பாத்துச் சொல்லுங்கோவன்

கவின்: 150000 பெரியம்மா!!! 4 லட்சம் × 0.75 = 3 லட்சம், அதில பாதி

சுதா அக்கா: எடேய் அப்பிடியொரு பாங்க் இருந்தா நான் டொரண்டோவில வேலையை விட்டிட்டு நாளைக்கே வந்திடுவன் 😂

மாமா: இவர்தான் ஓஎல் சோதினை எடுக்கப் போறவர். வீதம் எண்டா நூற்றுக்கு எவ்வளவு எண்டதுதானேடா, 100 ஆல பிரிக்கோணும், புள்ளி இடப்பக்கம் ரண்டு தானம் போகும். 75 வீதம்தான் 0.75. 7.5 எண்டா 0.075. ஒரு சைபரை விழுங்கிப்போட்டாய்

கவின்: ஒருக்காத்தான் தள்ளினனான் 🙈

பெரியம்மா: சைபர் கிடக்கட்டும், எவ்வளவு வரும்?

மாமா: 400000 × 0.075 = 30000, அது வருசத்துக்கு. அரை வருசம் 15000. பாங்க் நாள் கணக்குப் பாத்து 182/365 எண்டு போட்டா 14958.90, பெரிசா வித்தியாசம் இல்லை

சுதா அக்கா: வரி பிடிக்காயினமோ மாமா?

மாமா: பிடிப்பினம். முந்தி வட்டியில 5 வீதம், 2025 ஏப்ரலில இருந்து 10. அப்ப 15000 × 0.1, 1500 போகும். அக்காவுக்கு வருச வருமானம் 18 லட்சத்துக்கு மேல இல்லைத்தானே, அதைப் பாங்கில எழுதிக் குடுத்தா பிடிக்காயினம்

பெரியம்மா: 18 லட்சமோ?! என்ர பென்சனைப் பாத்துக் கேக்கிற கேள்வியே இது

சின்னம்மா: அக்கா அந்தக் காப்பு இன்னும் அடைவிலயோ கிடக்கு

பெரியம்மா: ஓம் 2 லட்சத்துக்கு. அது ஒண்டரை வீதம்தானே, இது ஏழரை. கிடக்கட்டும்

மாமா: ஐயோ அக்கா அந்த ஒண்டரை மாசத்துக்கு!! இந்த ஏழரை வருசத்துக்கு. 0.015 ஐ 12 ஆல பெருக்கிப் பாருங்கோ 0.18, வருசத்துக்கு 18 வீதம் கட்டுறியள். 200000 × 0.015 = 3000 மாசம் மாசம், ஆறு மாசத்துக்கு 18000. 4 லட்சத்தைப் பாங்கில போட்டு வாற 15000 அந்த 2 லட்சத்துக்கு வட்டி கட்டவே காணாது

சின்னம்மா: நான் போன தைப்பொங்கலுக்கே சொன்னனான்

பெரியம்மா: கடைக்காரர் ஒண்டரை எண்டு சொல்லேக்க சின்னனாத்தான் கேட்டுது. கவின் நாளைக்குக் காலமை மோட்டச்சைக்கிளைக் கொண்டு வா, காப்பை மீட்பம்

கவின்: ஓம் பெரியம்மா. மிச்ச 2 லட்சத்தை ஃபிக்ஸ்டில போட்டா 200000 × 0.075 × 0.5 = 7500, இந்தமுறை சரியோ மாமா?

மாமா: சரி. ஆனா இதுவரைக்கும் கட்டாத வட்டியும் கேப்பினம், அதை மிச்சக் காசில கழிச்சுப்போட்டுப் பிறகு கணக்குப் பார்

பெரியம்மா: பொறுங்கோ பிள்ளையள், அடைவுத் துண்டை எங்க வச்சனெண்டு தேடிக்கொண்டு நிக்கிறன்