கண் மாத்திரை: லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?

வளவன்:
அப்பாவுக்கு 68 வயது. இரண்டு கண்ணிலும் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) தேய்மானம், உலர் வகை, நடுத்தர நிலை என்று மருத்துவர் எழுதி, ‘ஏரெட்ஸ் 2’ (அதே பெயருள்ள கண் ஆய்வில் வந்த வைட்டமின், தாதுக் கலவை) மாத்திரை எடுக்கச் சொல்லியிருக்கிறார். கடையில் ஏகப்பட்ட வகை, ஒவ்வொன்றிலும் ஒரு அளவு. அப்பா முன்பு புகைபிடித்தவர், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார். எனக்கு 37, நோய் எதுவும் இல்லை, கணினி பார்த்தால் கண் எரிகிறது. நானும் அதையே போடலாமா?

செல்வி:
டப்பாவின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், பின்பக்க அட்டவணையைப் படியுங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் வரவேண்டியது: வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் ஈ 400 ஐ.யூ. (லேபிளில் IU என்று இருக்கும் அளவு), லூட்டீன் 10 மி.கி., ஸியாசாந்தின் 2 மி.கி. (இவை இரண்டும் தாவர நிறமிகள்), துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி. சில டப்பாக்களில் இந்த அளவு இரண்டு மாத்திரைக்குச் சேர்த்துப் போட்டிருக்கும். ஒன்று மட்டும் விழுங்கினால் பாதிதான் கிடைக்கும்.

தாமிரம் இல்லாததை வாங்கவே வேண்டாம். இவ்வளவு துத்தநாகம் தினமும் உள்ளே போனால் குடல் தாமிரத்தை உறிஞ்சுவது குறையும். நாளடைவில் ரத்தசோகை வரலாம். அதைத் தடுக்கத்தான் அந்த 2 மி.கி.

வளவன்:
நன்றி. கையில் இருக்கும் ஒன்றில் ‘லூட்டீன் 20% சாறு, 10 மி.கி.’ என்று இருக்கிறது. சரிதானே?

செல்வி:
சரியில்லை. சாறு 10 மி.கி., அதில் 20 சதவீதம்தான் லூட்டீன். அதாவது 2 மி.கி. உங்களுக்கு வேண்டிய 10 மி.கி. வர, அதே சாறு 50 மி.கி. இருக்கவேண்டும். துத்தநாகத்திலும் இதே சிக்கல்: குளுக்கோனேட் உப்பில் ஏழில் ஒரு பங்குதான் துத்தநாகம். ‘தனிமத் துத்தநாகம்’, அதாவது உப்பின் எடை சேராத வெறும் துத்தநாகம், எவ்வளவு என்று பாருங்கள்.

கண்ணன்:
புகைபிடித்தவர் என்றீர்களே, அதுதான் இங்கே முக்கியம். 2001-இல் வந்த முதல் ஏரெட்ஸ் கலவையில் பீட்டா கரோட்டின் (உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் நிறமி) 15 மி.கி. இருந்தது. புகைபிடிப்பவர்களுக்கும் விட்டவர்களுக்கும் அது நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. அதனால்தான் 2013-இல் வெளியான இரண்டாவது ஆய்வுக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு லூட்டீனும் ஸியாசாந்தினும் வந்தன. பழைய கலவை இன்னும் விற்பனையில் உண்டு. பீட்டா கரோட்டின் என்ற பெயரைக் கண்டால் திருப்பி வைத்துவிடுங்கள். ஒமேகா 3 சேர்த்த வகைக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை, அதே ஆய்வில் அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை.

வார்ஃபரினோடு வைட்டமின் ஈ 400 ஐ.யூ. சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடலாம். வார்ஃபரின் எழுதியவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் பரிசோதனை) எப்போது பார்க்கவேண்டும் என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, போன பார்வை இதனால் திரும்பாது. நோய் முற்றிய நிலைக்குப் போகும் அபாயத்தை ஐந்தாண்டில் ஏறத்தாழ 25 சதவீதம் குறைக்கும், அவ்வளவுதான். அப்பாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பலன் தெரியவில்லை என்று அவர் பாதியில் நிறுத்தமாட்டார்.

மீனா:
வளவன், உங்களுக்கு வேண்டாம். நோய் இல்லாதவர்களுக்கும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கும் இந்தக் கலவை பலன் தந்ததாகச் சான்று இல்லை. பெரியவர்களுக்கு துத்தநாகத்தின் வழக்கமான உச்சவரம்பே நாளுக்கு 40 மி.கி.; காரணமில்லாமல் ஏன் இரட்டிப்பாக்கவேண்டும்? திரை எரிச்சல் பெரும்பாலும் கண் சிமிட்டுவது குறைவதால் வருவது. நினைவு வைத்து முழுசாக இமையை மூடித் திறவுங்கள், காற்று முகத்தில் அடிக்காமல் உட்காருங்கள், பாதுகாப்பான் சேர்க்காத செயற்கைக் கண்ணீர் விட்டுப் பாருங்கள்.

அப்பாவுக்கு: சாப்பாடு முடிந்த உடனே கொடுங்கள். லூட்டீனும் வைட்டமின் ஈயும் கொழுப்போடுதான் உடம்பில் சேரும். வெறும் வயிற்றில் துத்தநாகம் குமட்டும். டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக் எழுதினால் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள், துத்தநாகம் அவற்றை உடல் சரியாக உறிஞ்சவிடாது. மல்டிவைட்டமின் ஏற்கெனவே எடுத்தால் அதிலுள்ள துத்தநாகத்தையும் கூட்டிப் பாருங்கள்.

மாத்திரையோடு ஆம்ஸ்லர் கட்டத் தாளும் வேண்டும், அதாவது கட்டங்கள் போட்டு நடுவில் புள்ளி வைத்த தாள். படிக்கும் கண்ணாடியைப் போட்டு, ஒரு கண்ணை மூடி, நடுப்புள்ளியை மட்டும் பார்க்கவேண்டும். பிறகு மறு கண். கோடு புதிதாக வளைந்தாலோ ஒரு இடம் மறைந்தாலோ அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். அது ஈர வகையாக (விழித்திரைக்கு அடியில் ரத்தக்குழாய் கசியும் வகை) மாறியதன் அறிகுறியாக இருக்கலாம், அதற்கு ஊசி சிகிச்சை உண்டு, தாமதித்தால் பார்வை போகும்.